கூரையின் மேல் ஏற்றும் பாரம்

எங்கள் வீட்டு வானுக்குக் கூரைத்தட்டு ஒன்று தேவை என்ற பேச்சு பல மாதங்களாகவே வீட்டில் அடிபட்டுக்கொண்டிருந்தது. வாகனத்தின் மேற்கூரையில் பொருள் ஏற்றுவதற்காகப் பொருத்தப்படும் இரும்புச் சட்டத்தையே இங்கு குறிப்பிடுகிறேன். கராஜ்காரர்கள் இதனை 'ஹூட் ராக்' என்பார்கள். பழைய தலைமுறையினர் 'கரியர்' என்றே சொல்லிப் பழகியவர்கள். எழுதும்போது கூரைத்தட்டு என்பதே எனக்கு வசதியாக இருப்பதால் அவ்வாறே எழுதுகிறேன்.

மகளின் குடும்பமும் நாங்களும் சேர்ந்தால் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஏறி அமர்ந்த பின்னர், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரையிலான ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணத்துக்குரிய பெட்டிகளை எங்கே வைப்பது? கூரையில் வைப்பது என்று வீட்டில் எல்லோரும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். வேறு பெரிய வாகனம் வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆயினும் விலையும் வரியும் எம்மைப் போன்றோரின் கைக்கு எட்டுவனவாக இல்லை. ஆகவே, இருபத்தைந்து வயதைக் கடந்துவிட்ட எங்கள் 'டொல்பின்' வானே இன்னும் சில ஆண்டுகள் எங்களைச் சுமந்தாக வேண்டும். இந்நாட்டில் எத்தனையோ குடும்பங்களின் நிலை இதுதான்.

கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் தட்டுகளின் விலையைக் கேட்டபின், அதை நாங்களே செய்வது என்று முடிவாயிற்று. அளப்பது, வரைவது, வெட்டுவது, பூச்சுப் பூசுவது ஆகியவை எனக்கும் பேரனுக்கும் உரிய வேலைகள். இரும்பை ஒட்டும் வேலையை எங்கள் ஒழுங்கை முகப்பில் வெல்டிங் பட்டறை நடத்தும் இளைஞர் ஏற்றுக்கொண்டார். இந்தச் சிறிய வேலை எனக்குச் சில பழைய நினைவுகளைக் கிளறிவிட்டது. அவற்றோடு ஒரு கருத்தையும் உறுதிப்படுத்தியது. வீட்டிலோ ஊர்ப் பட்டறையிலோ கூரைத்தட்டுச் செய்வது தவறல்ல. அதன் சொந்த எடையையும், அது சுமக்கத்தக்க எடையையும் அறியாமலும் எழுதிவைக்காமலும் செய்வதே தவறு. அந்தத் தவறின் விலையைப் பெரும்பாலும் அந்த வாகனத்தில் இல்லாத ஒருவரே கொடுக்க நேர்கிறது.

இதை நான் அனுபவத்தில் அறிந்தது 2003ஆம் ஆண்டில். முந்திய ஆண்டு ஏப்ரலில் ஏ-9 பாதை திறக்கப்பட்டதன் பின்னர், பல வருடங்களாக ஊரைக் காணாதவர்களெல்லாம் வாடகை வான்களில் வடக்கு நோக்கிப் புறப்பட்ட காலம் அது. நாங்களும் ஒரு வானை அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம். அதன் கூரைத்தட்டு ஊர்ப் பட்டறையொன்றில் தடித்த குழாய்களால் செய்யப்பட்டது. பார்த்தால் யானையே ஏறி நிற்கலாம் போலத் தோன்றும். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பெட்டிகள் யாவும் இறக்கப்பட்டன, திறக்கப்பட்டன, மீண்டும் ஏற்றப்பட்டன. அந்தப் பயணங்களைச் செய்தவர்களுக்குத் தெரியும், இரண்டாம் முறை ஏற்றும்போது முதல் முறையின் ஒழுங்கு இருப்பதில்லை. வெயில், வரிசை, பின்னால் நிற்கும் வாகனத்தின் அவசரம். பாரமான பெட்டிகள் மேலே சென்றன. கயிறு ஒரு சுற்றுக் குறைந்தது.

மாங்குளத்தைக் கடந்து, குண்டும் குழியுமான பாதையில் சென்றுகொண்டிருந்தபோது மாடொன்று குறுக்கே வந்தது. சாரதி வலிமையாக பிறேக் அழுத்தினார். வான் நின்றது. கூரைத்தட்டு நிற்கவில்லை. கூரை விளிம்பைப் பற்றியிருந்த அதன் கால்கள் வழுகி, தட்டு முழுவதும் ஓரடி முன்னால் நகர்ந்தது. முன்வரிசையில் இருந்த இரும்புப் பெட்டி முன்கண்ணாடிக்கு மேலாகப் பறந்து வீதியில் விழுந்தது. எதிரே மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவர் அதை விலத்த முயன்று சரளைக்கற்களில் சரிந்தார்.

முழங்காலிலும் முழங்கையிலும் தோல் உரிந்ததோடு அவர் தப்பினார். நாங்கள் ஓடிச்சென்று தூக்கியபோது அவர் கூறியதை இன்றுவரை மறக்கவில்லை. "ஐயா, பெட்டி என்ர தலையில விழேல்லை. அது காணும்." பிறகு அவரே எங்களோடு நின்று, பெட்டிகளை அடுக்கி, லொறிக்காரர் போடும் முடிச்சைப் போட்டுக் கட்டித் தந்தார். முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்தோம். வானில் இருந்தவர்கள் எல்லோரும் பிள்ளையார் காப்பாற்றினார் என்றார்கள். நானும் அவ்வாறே கும்பிட்டேன். ஆயினும், அந்த மனிதரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் நாங்கள் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை.

அந்தத் தட்டில் குறை என்ன? அது பலமற்றது அல்ல. தேவைக்கு மேல் பலமானது. பலம் என்று நாம் கருதுவது பெரும்பாலும் இரும்பின் தடிப்பையே. இரும்பின் தடிப்பு எடையாகி, அந்த எடையும் கூரையின்மீதே அமர்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

எங்கள் பட்டறை இளைஞரும் முதலில் அவ்வாறே சொன்னார். "முக்கால் அங்குல ஜீ.ஐ. குழாயில அடிப்பம் ஐயா. நாலு பேர் ஏறி நிண்டாலும் அசையாது."

"நாலு பேர் ஏறி நின்றால் தட்டு அசையாது தம்பி. கூரை என்னாகும்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். பின்னர் இருவரும் ஒரு கடதாசியை எடுத்துக் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கை இங்கே தருவது பயனுடையது என்று நினைக்கிறேன்.

தட்டின் நீளம் 1.8 மீற்றர், அகலம் 1.2 மீற்றர். அடிச்சட்டத்தின் சுற்றளவு 6 மீற்றர். மேலே ஒரு கைப்பிடிச் சட்டம் வைத்தால் இன்னுமொரு 6 மீற்றர். இடையில் ஐந்து குறுக்குச் சட்டங்களுக்கு 6 மீற்றர். சிறு தூண்களுக்கு ஒன்றரை மீற்றர். மொத்தம் பத்தொன்பதரை மீற்றர். முக்கால் அங்குல நடுத்தரக் குழாய் மீற்றருக்கு ஏறத்தாழ 1.6 கிலோ. அதன்படி குழாய் மட்டும் 31 கிலோ. கால்களும் நட்டும் போல்ட்டும் சேர்ந்தால் 35 கிலோ. ஒரு பெட்டியும் ஏற்றாத வெறும் தட்டின் எடை அது.

கூரை எவ்வளவு தாங்கும்? பெரும்பாலான குடும்ப வாகனங்களுக்கு உற்பத்தியாளர்கள் குறிப்பிடும் எல்லை 50 முதல் 100 கிலோ வரைதான். தட்டின் எடையும் அந்த எல்லைக்குள்ளேயே அடங்க வேண்டும். எங்கள் வானின் கையேடு எப்போதோ தொலைந்துவிட்டது. அதன் வயதையும் கூரை விளிம்பில் ஆங்காங்கே அரும்பியிருக்கும் துருவையும் கருதி, தட்டும் சுமையுமாக 60 கிலோவுக்கு மேல் செல்வதில்லை என்று நானே ஓர் எல்லையை வகுத்தேன். முதல் திட்டப்படி செய்திருந்தால் சுமைக்கு எஞ்சுவது 25 கிலோ. ஒரு பெரிய பயணப்பெட்டி ஏறினால் முடிந்தது.

ஆகவே திட்டத்தை மாற்றினோம். குழாய்க்குப் பதிலாக, 25 மில்லிமீற்றர் சதுரமும் 1.6 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட 'பொக்ஸ் பார்'. அது மீற்றருக்கு ஏறத்தாழ 1.15 கிலோ. சுற்றிவரும் மேற்சட்டத்தை நீக்கி, பிறேக் அழுத்தும்போது பெட்டிகள் வழுகாதிருக்க முன்பக்கத்தில் மட்டும் ஒரு தாழ்ந்த தடுப்பு. கால்கள் உட்பட எல்லாம் முடிந்து, பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தபோது 20 கிலோ. சுமைக்கு 40 கிலோ கிடைத்தது. அலுமினியத்தில் செய்தால் எடை மூன்றிலொன்றாகக் குறையும். ஆனால் அதை ஒட்டுவதற்கான கருவியும் பழக்கமும் எல்லாப் பட்டறைகளிலும் இருப்பதில்லை. அரைகுறையாக ஒட்டிய அலுமினியத்தைவிட நன்றாக ஒட்டிய இரும்பு மேலானது.

40 கிலோ என்பது எவ்வளவு? ஒரு சீமெந்து மூடை 50 கிலோ. அதாவது, ஒரேயொரு சீமெந்து மூடையைக்கூட எங்கள் வானின் கூரையில் ஏற்றலாகாது. வீதியில் செல்லும் வான்களின் கூரைகளை இந்தக் கணக்கோடு ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

ஜீ.ஐ. குழாயை விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன்மேல் உள்ள நாகப்பூச்சு, ஒட்டும்போது எரிந்து வெண்புகையாகிறது. அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தின் பின் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். "அது எங்களுக்கு வாறதுதானே ஐயா, அடுத்த நாள் போயிடும்" என்று அந்த இளைஞர் மிகச் சாதாரணமாகச் சொன்னார். பூச்சை அரைத்து நீக்கிவிட்டு, காற்றோட்டமான இடத்தில், முகமூடி அணிந்து ஒட்ட வேண்டும் என்பது பட்டறைக்காரர் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி. எங்கள் பெட்டிகளைச் சுமப்பதற்காக இன்னொருவர் காய்ச்சலில் படுக்க வேண்டியதில்லை.

இனி, பொருத்தும் முறை. பழைய வான்களின் கூரையோரத்தில் மழைநீர் வடிவதற்கான பீலி போன்ற விளிம்பு உண்டு. தட்டின் கால்கள் அதைத்தான் பற்றிக்கொள்ள வேண்டும். கூரைத் தகட்டில் துளையிட்டுப் பூட்டுவது, நீரையும் துருவையும் நாமே உள்ளே அழைப்பதாகும். 2003இல் நாங்கள் சென்ற வானில் நான்கு கால்கள்தான் இருந்தன. இரும்பு நேரடியாக இரும்பைப் பற்றியிருந்ததால் அது வழுகியது. நாங்கள் ஆறு கால்கள் வைத்தோம். காலுக்கும் விளிம்புக்கும் இடையில் பழைய ரியூப் றப்பர். நட்டுகள் அதிர்வில் கழலாதிருக்க ஸ்பிறிங் வாஷர். பொக்ஸ் பாரின் திறந்த முனைகளை மூடி ஒட்டினோம். இல்லையேல் மழைநீர் உள்ளே தேங்கும். காற்று புகுந்து வழிநெடுக விசிலடிக்கும். துருத்தடுப்புப் பூச்சு இரண்டு தடவை, அதன்மேல் கறுப்பு நிறம் ஒரு தடவை. பேரனின் கையிலும் சட்டையிலும் பூசப்பட்டது தனி.

பூட்டிய பின் சோதிப்பது எளிது. தட்டை இரு கைகளாலும் பற்றிப் பலமாக உலுக்க வேண்டும். வான் முழுவதும் சேர்ந்து ஆட வேண்டும். தட்டு மட்டும் தனியாக ஆடினால் அது இன்னும் சரியாகப் பூட்டப்படவில்லை. முதல் 50 கிலோமீற்றர் ஓடியதும் நிறுத்தி, எல்லா நட்டுகளையும் மீண்டும் இறுக்க வேண்டும். றப்பர் அமுங்கி இடைவெளி விட்டிருக்கும். கயிற்றையும் அவ்வாறே பார்க்க வேண்டும். நைலோன் கயிறு, குறிப்பாக நனைந்தால், நீண்டு கொடுக்கும். தறப்பாள் போட்டால் அதன் நுனிகள் படபடக்காதவாறு உட்பக்கமாக மடித்துக் கட்ட வேண்டும். படபடக்கும் தறப்பாள் மெல்ல மெல்லக் கயிற்றை இளக்கிவிடும்.

வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடுவது. 40 கிலோமீற்றர் வேகத்தில் உள்ளதைவிட 80இல் அது நான்கு மடங்கு. அந்த விசை முழுவதும் தட்டின் கால்களில் தங்குகிறது. எரிபொருளும் அதற்கேற்ப எரிகிறது. 2022இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் காத்திருந்த நாம், வெறுந்தட்டை ஆண்டு முழுவதும் தலையில் சுமந்து திரிவது விவேகமல்ல. பயணம் முடிந்ததும் கழற்றி வைக்கலாம். மேலே பாரம் கூடினால் வாகனத்தின் ஈர்ப்பு மையம் உயர்ந்து, வளைவுகளில் சரிவும் கூடும். ஆனையிறவு வெளியில் பக்கக்காற்று வீசும்போது உயரமான வானின் சாரதிக்கு அது கையில் தெரியும். ஆகவே பாரமானவை ஆசனங்களுக்குக் கீழே. இடம் பிடிப்பவையும் எடை குறைந்தவையும் மேலே. பாய், தலையணை, உடுப்புப் பைகள் ஆகியவற்றுக்குக் கூரை போதும். கூரையில் வைத்த பாரமும் வாகனத்தின் மொத்தச் சுமைக் கணக்கில் சேரும் என்பதையும் மறத்தலாகாது.

இவ்வளவு எளிய விடயங்களை நாம் ஏன் பொருட்படுத்துவதில்லை? அறியாமை மட்டும் காரணமல்ல என்பது என் எண்ணம். நாம் வாகனக் கூரையில் பொருள் ஏற்றக் கற்றுக்கொண்ட காலம் அப்படிப்பட்டது. 1990களில் பொருளாதாரத் தடையின் கீழிருந்த யாழ்ப்பாணத்தில் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஓடும் வாகனங்கள் சில. ஏற்ற வேண்டியவை பல. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, சைக்கிள், வண்டி, உழவு இயந்திரம், கார் என்று எதன்மீதும் எல்லையின்றிப் பொருள்கள் ஏற்றப்பட்டன. மழையில் நனைந்த அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். அன்று எவரும் கூரையின் எல்லையைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் அது மடைமை. விட்டுச் செல்வது திரும்பக் கிடைக்குமா என்று தெரியாதவனுக்கு வேறு கணக்கு.

அன்றைய நியாயம் இன்றைய பழக்கமாகிவிட்டதே இங்குள்ள சிக்கல். திருவிழாவுக்குச் செல்லும் வானிலும் நாம் ஊரைக் காலிசெய்து போவதுபோலவே ஏற்றுகிறோம். 'இத்தனை வருடமாக ஒன்றும் நடக்கவில்லை' என்பதே எல்லோரிடமிருந்தும் கிடைக்கும் விடை. ஒன்றும் நடக்கவில்லை என்பது ஒன்றும் நடவாது என்பதற்குச் சான்றல்ல. கூரை விளிம்பில் விழும் வெடிப்பு மயிரிழை அளவில்தான் தொடங்குகிறது. உள்ளே அமர்ந்திருப்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

இதற்குப் பரிகாரமாக, பட்டறைத் தட்டுகளை முற்றாகத் தடைசெய்ய வேண்டும் என்று வாதிடுவோர் உள்ளனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. தடை வந்தால் தட்டுச் செய்வோர் நின்றுவிடமாட்டார்கள், மறைவாகச் செய்வார்கள். கடையில் வாங்கிய விலையுயர்ந்த தட்டில் 100 கிலோவை ஏற்றுபவரும் அதே ஆபத்தைத்தான் விளைவிக்கிறார். எங்கள் பட்டறைக்காரர்களிடம் கைத்திறனுக்குக் குறைவில்லை. உதிரிப்பாகம் எதுவும் கிடைக்காத காலத்தில் வாகனங்களை ஓடவைத்த பரம்பரை அது. அவர்களிடம் யாரும் எடையைப் பற்றிக் கேட்டதில்லை. அதுவே குறை.

ஆகவே நான் முன்வைப்பது சிறிய யோசனைதான். லொறிகளின் பக்கவாட்டில் எடை எழுதப்பட்டிருப்பதை எல்லோரும் கண்டிருப்போம். அதுபோல, கூரைத்தட்டுச் செய்யும் ஒவ்வொரு பட்டறையும் தட்டின் எடையையும், ஏற்றத்தக்க சுமையையும் அதன் பின்சட்டத்தில் பூச்சினால் எழுதிக் கொடுக்கட்டும். செய்விப்பவர், 'இது எத்தனை கிலோ, இதில் எத்தனை கிலோ ஏற்றலாம்' என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமல் பணம் கொடுக்காதிருக்கட்டும். வெல்டிங் கற்பிக்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் இந்தக் கணக்கை ஒரு நாட் பாடமாகச் சேர்க்கட்டும். வீதியில் மறிக்கும் பொலிஸார் தட்டைக் கண்டதும் தண்டம் எழுதாமல், கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்க்கட்டும். இவற்றுக்குப் புதிய சட்டமோ வெளிநாட்டு உதவியோ தேவையில்லை. ஒரு தராசும் ஒரு தூரிகையும் போதும்.

எங்கள் தட்டின் பின்சட்டத்தில் பேரன் தன் கையால் வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கிறான்: 'தட்டு 20 கிலோ. சுமை 40 கிலோ.' எழுத்து சற்றே கோணல். ஆயினும் வாசிக்க முடிகிறது.

அதற்கு முதற் சோதனை யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும்போது வந்தது. மைத்துனர், எங்கள் பகுதி வழக்கப்படி, வெறுங்கையோடு எங்களை அனுப்ப விரும்பவில்லை. ஒடியலும் பனாட்டும் ஒருபுறமிருக்க, 50 கிலோ அரிசி மூடையொன்றையும் முற்றத்துக்குக் கொண்டுவந்து, கூரைமேல் ஏற்றச் சொன்னார். பேரன் பின்சட்டத்தில் உள்ளதை உரக்க வாசித்தான். மைத்துனருக்கு முகம் மாறிவிட்டது.

"அந்த நாளையில இதைவிடச் சின்னக் காரில ஒரு வீட்டையே ஏத்திக்கொண்டு போனனாங்கள் அத்தான். இப்ப ஒரு மூடை பாரமோ?"

"அன்றைக்கு எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றைக்கு இருக்கிறது" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு உள்ளே சென்று வெறுஞ் சாக்கொன்றை எடுத்துவந்தார். இருவருமாக மூடையைப் பிரித்துப் பாதி அரிசியை அதில் கொட்டினோம். அந்தப் பாதி பின் ஆசனத்துக்குக் கீழே வைக்கப்பட்டு எங்களோடு கொழும்புக்கு வந்தது. மற்றப் பாதியை அடுத்த முறை வரும்போது கொண்டு போகலாம் என்றார் மைத்துனர்.